வணிகரும் மின்னஞ்சல் ஒழுங்கும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைப் பற்றியும் மாணவர் விடுதியைப் பற்றியும் எமக்கு முன் பேசிய பெரியோர்கள் விரிவாக எடுத்துரைத்தனர். யாமோ அத்துணைப் பெரிய விஷயம் ஒன்றையும் பேச முற்படவில்லை. கடையிலே நாள்தோறும் கையாளும் ஒரு சிறு கருவியைக் குறித்தே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம். அக்கருவி மின்னஞ்சல். சிறு கருவி என்று யாம் சொன்ன போதிலும், அதனைப் பேணாது விட்டமையால் எமக்கு நேர்ந்த நஷ்டம் சிறிதன்று. பொருள் நஷ்டத்தை மட்டும் சொல்லுகின்றோமில்லை. உறவில் நேர்ந்த நஷ்டத்தையும் சேர்த்தே சொல்லுகின்றோம். அதனை மறைத்து வைப்பதினும் சபையறியச் சொல்லுவதே நம்மவர் பலர்க்கு நன்மை பயக்கும் என்று எண்ணியே இம்மேடை ஏறினோம்.

முன்னோர் கண்ட ஒழுங்கு

நம் முன்னோர் கடிதத்தை எவ்வளவு மதித்தனர் என்பதை முதற்கண் நினைவுபடுத்திக் கொள்வோம். பழைய கடைகளின் கடிதத் தாளைப் பார்த்தவர்க்கு இது தெரியும். மேலே கடையின் பெயர். அதன் கீழே 'தந்தி விலாசம்' என்று ஒரே சொல்லில் ஒரு பெயர் அச்சிடப்பட்டிருக்கும். கட்டணம் செலுத்தித் தந்தி ஆபீசிலே பதிவு செய்து கொண்ட பெயர் அது. கணக்குப்பிள்ளை மாறினாலும், கடை வேறு தெருவுக்குப் போனாலும் அப்பெயர் மாறாது. அது கடைக்கே உரியது. வந்த கடிதங்கள் கம்பியில் கோத்து வைக்கப்பட்டன. போன கடிதங்களுக்கு நகல் புத்தகம் இருந்தது. கடையின் முத்திரையோ முதலாளியின் பெட்டியை விட்டு வெளியே வாராது. தனக்கென ஒரு பெயர், பாதுகாத்து வைத்த நகல், தன் கையிலுள்ள முத்திரை என்னும் இம்மூன்றுமே பழைய கடிதப் போக்குவரத்தின் ஒழுங்காக இருந்தன.

இந்தியாவில் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு நெடுநாள் முன்னரே மின்னஞ்சல் அதன் இடத்தைப் பிடித்துக் கொண்டது. 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு வலையின் வழியே கடிதம் அனுப்பிக் காட்டினார். ஆளின் பெயரையும் இருப்பிடத்தையும் பிரித்துக் காட்ட இன்று யாவரும் இடும் அந்தச் சுழிக்குறியை விலாசத்தில் அமைத்தவரும் அவரே. நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி விதேஷ் சஞ்சார் நிகம் வாயிலாகப் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது. 1996ஆம் ஆண்டில் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயிலும், 2004ஆம் ஆண்டில் வந்த ஜிமெயிலும் அஞ்சற்பெட்டியை இலவசமாகவே அளித்தன. இலவசமாகக் கிடைத்தமையால் அதனை எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அதில் தவறு ஒன்றுமில்லை. எனினும், வீட்டுக் கடிதத்துக்கு ஏற்பட்ட பெட்டியைக் கடைக் கடிதத்துக்கும் வைத்துக்கொண்டு, முன்னோர் கண்ட மூன்று ஒழுங்கையும் ஒருங்கே கைவிட்டோம். பிழை அங்கேதான் தொடங்கிற்று.

எமக்கு நேர்ந்தது

யாம் கரூரில் படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு முதலிய துணிகளை நெய்வித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு தொழில் நடத்தி வருகின்றோம். ஆபீசில் வேலை செய்வோர் ஒன்பது பேர். 2009ஆம் ஆண்டில் எமது தங்கை மகன், அப்பொழுது கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தவர், ஒரு மாலைப்பொழுதில் கடைக்கு இலவச மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து கொடுத்தார். மறந்த கடவுச்சொல்லை மீட்பதற்கு ஒரு தொலைபேசி எண் வேண்டுமென்று கேட்டபொழுது, தம்முடைய எண்ணையே கொடுத்தார். அதில் வஞ்சனை ஒன்றுமில்லை. அவர் கையில் இருந்த எண் அது ஒன்றே. அன்று முதல் பன்னிரண்டு ஆண்டுகள் எமது விலைப்பட்டி, பில், வங்கி விவரம், சரக்குக் கப்பல் தாள் யாவும் அந்த ஒரு பெட்டியின் வழியே போய் வந்தன. கடவுச்சொல்லை ஐந்து பேர் அறிவர். மேசைக்குப் பின்னால் தொங்கிய நாட்காட்டியின் ஓரத்திலும் அது எழுதியிருந்தது.

2021ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், ஜெர்மனி தேசத்துக் கொள்முதல்காரர் ஒருவர் எமது பில்லுக்குரிய பணத்தை அனுப்பிவிட்டதாகத் தொலைபேசியில் தெரிவித்தார். தொகை நம் நாணயத்தில் 7,20,000 ரூபாய். எமது வங்கிக்கோ ஒரு காசும் வந்து சேரவில்லை. விசாரித்ததில், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது. இனிப் புதிய கணக்குக்கே பணம் அனுப்புக' என்று எமது பெயரால் அவருக்கு ஒரு கடிதம் போயிருந்தது தெரிய வந்தது. கூடவே எமது பில்லே இணைக்கப்பட்டிருந்தது. வங்கி எண் மட்டும் வேறு. அனுப்பிய விலாசமும் எமது விலாசத்தைப் போன்றதே. நடுவில் ஓர் எழுத்து மட்டும் அதிகம். இலவச விலாசத்தை யாரும் ஐந்து நிமிஷத்தில் திறக்கலாமாகையால், அந்த ஓர் எழுத்துக்கு மோசக்காரன் செலவிட்டது ஒன்றுமில்லை.

அப்பொழுது யாம் செய்த காரியத்தைச் சொல்ல நா எழவில்லை; ஆயினும் சொல்லியே தீரல் வேண்டும். எமது மருமகன் அதற்கு நான்கு மாதம் முன்னரே எம்மை விட்டுப் பிரிந்து தனியே தொழில் தொடங்கியிருந்தார். கணக்கோ அவர் திறந்தது. மீட்பு எண்ணும் அவருடையது. ஆகவே அவரைத் தவிர வேறு யார் இதனைச் செய்திருக்கக் கூடும் என்று, ஆராயாமலே, உறவினர் கூடியிருந்த ஒரு விசேஷ வீட்டில் அவரைக் கேட்டுவிட்டோம். அவர் ஒரு சொல்லும் மறுமொழி சொல்லாது எழுந்து போனார். எமது தங்கை அன்று முதல் எட்டு மாதம் எம் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

பிறகு, விஷயமறிந்த ஒருவரைக் கொண்டு அந்த அஞ்சற்பெட்டியைச் சோதிப்பித்தோம். யார் யார், எவ்விடத்திலிருந்து, எப்பொழுது உள்ளே வந்தனர் என்னும் குறிப்பு அதிலேயே இருந்தது. யாம் ஒருநாளும் அதனைத் திறந்து பார்த்ததில்லை. யாம் கேள்விப்பட்டும் இராத அயல்நாடு ஒன்றிலிருந்து இரண்டு மாதமாக ஒருவன் உள்ளே வந்து போயிருக்கின்றான். வரும் கடிதம் ஒவ்வொன்றின் நகலும் தனக்குத் தானாகவே வந்து சேரும்படி ஒரு விதியையும் அமைத்து வைத்திருக்கின்றான். நாட்காட்டியில் எழுதி வைத்த அதே கடவுச்சொல்லை யாம் வேறோர் இணையக் கடையிலும் பயன்படுத்தியிருந்தோம். அங்கிருந்து அது வெளிப்பட்டிருத்தல் கூடும் என்று சோதித்தவர் கூறினார். எமது மருமகனுக்கும் இதற்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை.

அவர் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் சொன்னது இதுதான்: "மாமா, என்னை நம்பிச் சாவியைக் கொடுத்தீர்கள். திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றவில்லை; திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அன்றே வாங்கியிருந்தால் இன்று இந்தப் பேச்சு வந்திராது." கொள்முதல்காரர் பெருந்தன்மையுடன் நஷ்டத்திற் பாதியை ஏற்றுக்கொண்டார், 3,60,000 ரூபாய் எமக்கு நஷ்டம். பணம் போனது போனதே. தங்கை வீட்டுப் போக்குவரத்து மீண்டது ஒன்றே ஆறுதல்.

சகோதரர்களே! நம் தொழில்கள் பெரும்பாலும் உறவினரைக் கொண்டே நடப்பவை. நம்பிக்கை நமது மூலதனம் என்று பெருமையுடன் சொல்லிக் கொள்கின்றோம். அப்பெருமை நியாயமானதே. ஆயினும் நம்பிக்கை வேறு, ஒழுங்கு வேறு. ஒழுங்கில்லாத இடத்தில் ஒரு தீங்கு நேர்ந்தால், முதலில் பழி சுமப்பவன் யோக்கியனே. கல்லாப்பெட்டியை இரவில் எண்ணி ஒப்படைப்பது பையனைச் சந்தேகித்தன்று. நாளை அவன்மேல் சந்தேகம் வாராதிருத்தற்கே. மின்னஞ்சலுக்கும் அதுவே நியாயம்.

முதலாவது: சொந்தப் பெயர்

இனி, செய்ய வேண்டியவற்றைச் சொல்லுவோம். முதலாவது, கடைக்கென்று ஒரு டொமைன், அதாவது இணையப் பெயர், பதிவு செய்துகொள்ள வேண்டும். இஃது இக்காலத்துத் தந்தி விலாசம். '.இன்' என்று முடியும் பெயர்களை நிக்ஸி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம் நிர்வகிக்கின்றது; பதிவாளர் நிறுவனங்கள் பல அப்பெயர்களை ஆண்டுக் கட்டணத்துக்குப் பதிந்து தருகின்றன. இது கிரயம் அன்று, குத்தகை. தவணை தவறினால் பெயர் கைவிட்டுப் போகும்.

இவ்விடத்தில் நம்மவர் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்றுண்டு. இணையப் பக்கம் அமைத்துத் தருபவரிடமே 'எல்லாவற்றையும் நீரே பார்த்துக் கொள்ளும்' என்று சொல்லி விடுகின்றோம். அவர் தம் பெயரிலேயே டொமைனைப் பதிந்து விடுகின்றார். நிலத்தை அளந்த சர்வேயர் பெயரிலேயே பத்திரம் எழுதுவதற்கு இஃது ஒப்பாகும். பதிவு கடையின் பெயரிலோ முதலாளியின் பெயரிலோ இருத்தல் வேண்டும். பதிவாளரிடம் உள்ள கணக்கின் கடவுச்சொல் முதலாளியின் கையில் இருத்தல் வேண்டும். அக்கணக்குக்குக் கொடுக்கும் தொடர்பு விலாசம் அதே டொமைனைச் சேர்ந்ததாக இராமல், வெளியே உள்ள வேறொரு விலாசமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் டொமைன் முடங்கும் நாளில் அதனை மீட்கும் கடிதமும் முடங்கிய பெட்டிக்கே போய்ச் சேரும்.

பெயர் வேறு, அஞ்சல் நிலையம் வேறு என்பதை நன்கு அறிந்து கொள்ளுங்கள். இப்பெயருக்கு வரும் கடிதங்களை எந்த நிறுவனத்தின் சர்வரில் கொண்டு சேர்ப்பது என்பதை டொமைனின் குறிப்பேட்டில் எம்.எக்ஸ். என்னும் ஒரு வரி தெரிவிக்கின்றது. இன்று ஒரு நிறுவனத்தின் சேவை பிடிக்கவில்லையென்றால், அந்த வரியை மாற்றி மற்றொரு நிறுவனத்துக்குப் போகலாம். வாடிக்கைக்காரருக்குக் கொடுத்த விலாசம் மாறாது. பெயர் நம்முடையதாயின் சேவை நிறுவனம் நமக்கு வேலைக்காரன். பெயரும் அந்நிறுவனத்தினுடையதே ஆயின், நாம் அதற்குக் குடியானவர்.

இரண்டாவது: சேவையைத் தெரிந்தெடுத்தல்

எந்த நிறுவனத்தைத் தெரிந்து கொள்வது என்பது அடுத்த கேள்வி. கூகுள் ஒர்க்ஸ்பேஸ், மைக்ரோசாப்ட் 365 ஆகியவை உலகெங்கும் பரவியவை. ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் இன்று ஜோஹோ எனப்படுகின்றது. அதன் மின்னஞ்சல் சேவை 2008ஆம் ஆண்டு முதல் நடந்து வருகின்றது. ஆஸ்திரேலியாவின் பாஸ்ட்மெயில் 1999ஆம் ஆண்டில் தொடங்கியது. அந்தரங்கத்தையே முதன்மையாகக் கொண்டவை இரண்டு: ஸ்விட்சர்லாந்தில் செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2014ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்த புரோட்டான் மெயிலும், முன்பு டூட்டனோட்டா என்று வழங்கிய ஜெர்மனியின் டூட்டாவும் ஆகும். இவை கடிதங்களைப் பூட்டி வைத்து, அப்பூட்டைத் தாமே திறக்க இயலாதவாறு அமைத்துள்ளன.

'அந்தரங்கம்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் மயங்கிவிடல் ஆகாது. அதன் எல்லையையும் அறிதல் வேண்டும. ஒரே சேவையில் உள்ள இருவர் எழுதிக் கொள்ளும் கடிதமே முனைக்கு முனை தானாகப் பூட்டப்படும். நமது கொள்முதல்காரர் வேறு சேவையில் இருந்தால், தனியாகக் கடவுச்சொல் இட்டோ வேறு வகையில் மறையாக்கம் செய்தோ அனுப்பினாலன்றி, கடிதம் மற்றக் கடிதங்களைப் போலவே அவரிடம் போய்ச் சேரும். அவருடைய பெட்டியிலும் அவ்வாறே கிடக்கும். மேலும் புரோட்டானில் கடிதத்தின் தலைப்பு வரி முனைக்கு முனை பூட்டப்படுவதில்லை. அதனைக் கணிப்பொறியிலுள்ள வழக்கமான அஞ்சற் செயலியில் பார்க்க 'பிரிட்ஜ்' என்னும் இடைக்கருவி வேண்டும். டூட்டாவில் தலைப்பும் பூட்டப்படுகின்றது. ஆனால் பிற அஞ்சற் செயலிகளோடு அஃது இணையாது. பூட்டு எவ்வளவு பலமோ, புழக்கம் அவ்வளவு சிரமம். கணக்குப்பிள்ளைக்கு நித்தியம் இருநூறு கடிதம் வருமாயின் இதனையும் யோசித்தல் வேண்டும்.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. எந்தச் சேவையும் அதனதன் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதே. அமெரிக்காவின் லாவாபிட் என்னும் அந்தரங்க அஞ்சல் நிறுவனம், பூட்டின் திறவுகோலைச் சர்க்கார் கேட்டதன்மேல் எழுந்த வழக்கில், 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தன் சேவையையே மூடிவிட்டது. கடிதம் வைத்திருந்தோர் திகைத்து நின்றனர். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், புரோட்டான் மெயிலை இந்நாட்டில் தடுக்குமாறு மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. இவற்றைச் சொல்வது அந்நிறுவனங்களைக் குறை கூறுதற்கன்று. எந்த நிறுவனமும் என்றும் இருக்கும் என்று எண்ணாமல், என்றேனும் மாற நேரின் மாறுதற்கு வழி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கே.

இலவசத்துக்கும் இதுவே. கூகுள் நிறுவனம் சொந்த டொமைனுக்கு இலவசமாக அளித்து வந்த அஞ்சற் சேவையில் புதியவரைச் சேர்ப்பதை 2012ஆம் ஆண்டு டிசம்பரில் நிறுத்தியது. 2022ஆம் ஆண்டில், முன்பே அதில் இருந்த வணிகர்களையும் கட்டணத்துக்கு மாறச் சொல்லிற்று. சொந்த உபயோகத்தாரை மட்டும் இலவசத்தில் தொடர விட்டது. அஃது அவர்கள் உரிமை. இலவசமாகப் பெற்றவனுக்கு வழக்காட இடமில்லை.

ஆகவே சேவையைத் தெரிந்தெடுக்குமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். நமது சொந்த டொமைனை ஏற்குமா? உள்ளே இருக்கும் கடிதம் யாவற்றையும் நாம் வேண்டும்போது வெளியே எடுத்துக்கொள்ள இயலுமா? இடையூறு நேர்ந்தால் மனிதர் ஒருவர் மறுமொழி சொல்வாரா? நிர்வாகி ஒருவர் வேலையாட்களின் பெட்டிகளைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் உண்டா? கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்றால், மூன்றாம் ஆண்டில் அஃது எவ்வளவு ஆகும்? இவ்வைந்துக்கும் தெளிவான விடை தருவது எதுவோ, அதுவே உங்களுக்கு ஏற்றது.

சொந்தமாகவே சர்வர் வைத்து நடத்தலாமே என்று கணிப்பொறி பயின்ற இளைஞர் சிலர் கேட்பர். அறிவுக்கு அது நல்ல பயிற்சி. ஆயினும், இரவு பகலாக அதனைக் காப்பதும், அதிலிருந்து போகும் கடிதம் பிறரால் குப்பையென்று தள்ளப்படாதிருக்கப் பார்ப்பதும் தனியொரு தொழில். துணி விற்பவர் அதில் இறங்குவது பொருந்தாது.

மூன்றாவது: முத்திரை

பெயரும் நிலையமும் அமைந்தபின் முத்திரை வேண்டும். மின்னஞ்சல் தோன்றிய காலத்து விதிகளின்படி, அனுப்புவோர் பெயர் என்ற இடத்தில் யாரும் யார் பெயரையும் எழுதலாம்; தபால் உறையின் பின்புறம் பொய் விலாசம் எழுதுவது போலவே. இதனைத் தடுக்க மூன்று ஏற்பாடுகள் பின்னர் வந்தன. எஸ்.பி.எஃப். என்பது, இன்ன சர்வர்களே நமது பெயரால் கடிதம் அனுப்ப உரிமையுடையவை என்று டொமைனின் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது, போகும் கடிதம் ஒவ்வொன்றிலும் பதியும் மறைமுத்திரை; வழியில் எழுத்து மாறினால் முத்திரை உடைந்துவிடும். டிமார்க் என்பது, இவ்விரண்டிலும் தேறாது நமது பெயரில் வரும் கடிதத்தை என்ன செய்வது என்று பெறுவோருக்கு நாம் அறிவிக்கும் கட்டளை. 'கவனி' என்று தொடங்கி, எல்லாம் சரியானபின் 'தள்ளு' என்று முடிக்கலாம்.

இவை விருப்பமானால் செய்துகொள்ளும் அலங்காரம் அல்ல. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும், தம்மிடம் கடிதம் அனுப்பும் எவரும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். வைத்திருக்க வேண்டும் என்றும், மொத்தமாக அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்துள்ளன. நமது விலைப்பட்டி வாடிக்கைக்காரரின் குப்பைப் பெட்டியில் விழுவதற்கு இம்முத்திரை இன்மையே பெரும்பாலும் காரணம். பில் போடும் மென்பொருள் வேறு சர்வர் வழியாகக் கடிதம் அனுப்புமாயின், அதனையும் எஸ்.பி.எஃப். பட்டியலில் சேர்த்தல் வேண்டும். இதனை மறந்து அவதிப்பட்டோர் பலர்.

இம்முத்திரைகளும் ஒன்றைத் தடுக்கமாட்டா. நமது பெயரை ஒத்த, ஓர் எழுத்து மாறிய வேறு பெயரை ஒருவன் பதிந்து கொண்டு, அதற்கு முறையான முத்திரையும் வைத்துக்கொண்டு எழுதினால், இயந்திரம் அதனை ஏற்றுக்கொள்ளும். அதனைக் கண்டறிய வேண்டியது மனிதன் கண்ணும் காதுமே.

நான்காவது: நாள்தோறும் நிர்வாகம்

நல்ல சேவையைத் தெரிந்தெடுத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடலாகாது. பூட்டு வாங்கியவர் பூட்டவும் வேண்டும். யாம் இப்பொழுது எமது ஆபீசில் அனுசரித்து வரும் விதிகளைச் சொல்லுகின்றோம்.

ஆளுக்கு ஒரு பெட்டி. ஒருவர் கடவுச்சொல்லை மற்றொருவர் அறியலாகாது. 'விற்பனை', 'கணக்கு' என்னும் பொது விலாசங்களை மாற்றுப்பெயராகவோ குழுவாகவோ அமைத்து, உரியவர் பெட்டிக்கு வரச் செய்துள்ளோம். ஆள் மாறினாலும் வாடிக்கைக்காரர் எழுதும் விலாசம் மாறுவதில்லை. கடவுச்சொல்லுடன் இரண்டாம் சரிபார்ப்பும் எல்லோருக்கும் கட்டாயம். நிர்வாகி இருவர்: ஒருவர் யாம், மற்றொருவர் எமது மகள். ஒருவருக்கு நோயோ பிரயாணமோ நேர்ந்தால் மற்றவர் திறக்கலாம். மீட்புக் குறிச்சொற்கள் தாளில் அச்சிட்டு, உறையில் இட்டு ஒட்டி, இரும்புப் பெட்டியில் பத்திரங்களோடு வைக்கப்பட்டுள்ளன.

வேலையை விட்டு ஒருவர் விலகும் நாளில், அவர் சம்பளக் கணக்கு முடிப்பதோடு அஞ்சற்பெட்டியையும் முறையாக ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கின்றோம். கடவுச்சொல்லை அன்றே மாற்றுகின்றோம். பெட்டியை அழிக்காமல், அதற்கு வரும் கடிதம் வேறொருவருக்குச் சேரும்படி செய்கின்றோம். இதனை அவமதிப்பாக எவரும் கொள்ளவில்லை; 'இனி எனக்குப் பொறுப்பில்லை' என்று மனநிம்மதியுடனேயே போகின்றனர்.

மாதந்தோறும் முதல் நாள், தானாக நகல் அனுப்பும் விதி ஏதேனும் புதிதாக முளைத்திருக்கின்றதா, அறியாத இடத்திலிருந்து யாரேனும் உள்ளே வந்தனரா என்று எமது மகள் பார்த்துக் குறித்து வைக்கின்றார். கால்மணி நேர வேலை. எம்மை இரண்டு மாதம் கொள்ளையிட்டவனை இந்தக் கால்மணி நேரம் முதல் மாதத்திலேயே காட்டிக் கொடுத்திருக்கும்.

கடிதங்களின் நகல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனி வட்டில் எடுக்கப்படுகின்றது. சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 36ஆவது பிரிவு, கணக்குகளை அவ்வாண்டின் அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை காக்கச் சொல்லுகின்றது. பில்கள் பல இன்று அஞ்சற்பெட்டியிலேயே தங்கி விடுகின்றனவாகையால், பெட்டி போனால் கணக்கும் போகும். பழைய பெட்டியிலிருந்து புதிய சேவைக்கு மாறுவோரும் இதனைக் கருதுக. ஐமேப் முறையில் கடிதங்கள் சர்வரிலேயே இருக்குமாதலால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகல் செய்துவிடலாம். பழைய பெட்டியை உடனே மூடாமல், பழைய விலாசத்துக்கே எழுதும் வாடிக்கைக்காரர் அனைவரும் பழகும் வரை திறந்து வைத்தல் நலம். எமக்கு ஓராண்டு ஆயிற்று.

யாவற்றினும் முக்கியமான விதி ஒன்று. வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், கடிதத்தை நம்பி ஒரு காசும் அனுப்பலாகாது. நம்மிடம் முன்பே இருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்து, பழகிய குரலைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்; கடிதத்திலேயே கொடுத்துள்ள எண்ணில் அழைத்தல் ஆகாது. எமது பில்லின் அடியிலும், 'எமது வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் வரின் தொலைபேசியில் விசாரியாமல் பணம் அனுப்பற்க' என்று அச்சிட்டிருக்கின்றோம். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு 2023ஆம் ஆண்டில் வந்த முறையீடுகளின்படி, இவ்வகை வணிகக் கடித மோசடியால் இழக்கப்பட்ட தொகை சுமார் 290 கோடி டாலர். எமக்கு நேர்ந்தது அதில் ஒரு துளியே. மோசம் நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்தக் கணமே 1930 என்னும் எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் கைமாறுவதற்குள் தடுக்கப்பட்டாலன்றி மீள்வது அரிது. யாம் மருமகனைச் சந்தேகித்துக் கழித்த நாட்களிலேதான் எமது பணம் கைகடந்து போயிற்று.

செலவு என்னும் தடை

இத்தனைக்கும் செலவாகுமே என்று சிலர் கேட்கலாம். ஆகும். ஆயினும் டொமைனுக்கும், ஒன்பது பேர் பெட்டிக்கும் எமக்கு ஓராண்டில் ஆகும் செலவு, ஆயுத பூஜைக்குப் பொரி, பூ, பழம், ஆட்களுக்கு இனிப்பு என்று ஆகும் செலவைவிட அதிகமில்லை. இழந்த தொகையை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் எமக்கு மனமில்லை. மேலும், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விவரங்களைக் கணிப்பொறியில் வைத்திருப்போர் தக்க பாதுகாப்புடன் வைத்திருக்க வேண்டும் என்று கடமை விதிக்கின்றது. வாடிக்கைக்காரரின் பெயரும் எண்ணும் விலாசமும் நம்மை நம்பிக் கொடுத்த அடைமானம். அதனைக் காப்பது சட்டம் வருமுன்னரே நமது தர்மமாக இருந்தது.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்கின்றோம். நமது மாணவர் விடுதியிலும் நம் வீடுகளிலும் கணிப்பொறி பயின்ற பிள்ளைகள், முக்கியமாகப் பெண்மக்கள், எத்தனையோ பேர் இருக்கின்றனர். அவர்களில் சிலரைக் கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முந்திய வாரத்தில், உறுப்பினர் கடைகளுக்கு இந்த ஒழுங்கைச் சரிபார்த்துத் தரும்படி ஏற்பாடு செய்யலாம். தராசையும் தறியையும் துடைத்துப் பொட்டிடும் நாளில், டொமைன் யார் பெயரில் இருக்கின்றது, தவணை எப்பொழுது முடிகின்றது, சாவி யார் யார் கையில் இருக்கின்றது என்று ஒரு தாளில் எழுதிப் பூஜையில் வைத்தால், அவ்வாண்டு முழுவதும் மனம் நிம்மதியாயிருக்கும். எமது வீட்டில் மூன்று ஆண்டாக அவ்வாறே செய்து வருகின்றோம். முதல் தாளை எழுதிக் கொடுத்தவர் எமது மருமகனே. தம்முடைய தொலைபேசி எண்ணை எமது பழைய கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, அதனை எமக்குக் காட்டி, "இப்பொழுது சரி, மாமா" என்றார்.

அன்பர்காள்! எம்மைப் போல் நஷ்டப்பட்டபின் கற்பதினும், எமது நஷ்டத்தைக் கேட்டுக் கற்பது மலிவு. இன்று வீடு சென்றவுடன், உங்கள் கடையின் மின்னஞ்சல் யார் பெயரில், யார் எண்ணில் இருக்கின்றது என்று ஒரே ஒரு கேள்வியை விசாரித்துப் பாருங்கள். விடை உடனே கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்கவில்லையாயின், நாளைக் காலையே அவரை அழைத்து, காப்பி கொடுத்து, நயமாகச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கும் அது நன்மை.